மலையண்ணானும் என் அண்ணனும்

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு நீர்க்காகம், ஒரு கருமந்திக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னது.

கருமந்தி கைகூப்பியது. ஒரு மரங்கொத்தி கேக் படம் போட்டது. துபாயிலிருந்து ஒரு இருவாச்சி, 'காட் பிளஸ் யூ பெரியப்பா' என்றது.

பயப்படாதீர்கள்... எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. நீர்க்காகம் நான்தான். கருமந்தி எங்கள் பெரியப்பா. மற்றதெல்லாம் சொந்தக்காரர்கள். இத்தனை பேரையும் மொத்தமாகக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டவர் என் வீட்டுக்காரர்.

அவர் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் ஓய்வு பெறுகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகை சர்ச் கமிட்டியில் சேரும். இன்னொரு வகை கேமரா வாங்கும். இவர் கேமரா வாங்கினார். கமிட்டியில் சேர்ந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்காவது வீட்டுக்கு வந்திருப்பார்!

கேமராவோடு ஒரு லென்ஸும் வந்தது. நல்ல கைக்குழந்தை கனம் இருக்கும். அதைத் தோளில் சாய்த்துத் தூக்கும்போது அவர் முகத்தில் வரும் பரிவு இருக்கிறதே... எங்கள் மகன் பிறந்தபோது அதில் பாதியைக்கூட நான் பார்த்ததில்லை.

காலையில் நெய்யூரிலிருந்து கிளம்பினால் ஒரு நாள் தேரூர் குளம், ஒரு நாள் பேச்சிப்பாறை, ஒரு நாள் கீரிப்பாறை. திரும்பி வரும்போது சட்டையெல்லாம் அட்டை கடித்த ரத்தம். கார்டு நிறையப் படம். ஒரே கொக்கை ஐம்பது படம் எடுத்திருப்பார். ஐம்பதும் வேறு வேறு என்பார். கொக்கைக் கேட்டால்கூட அப்படிச் சொல்லாது.

எடுத்தாயிற்று. யாரிடம் காட்டுவது?

குடும்பக் குழுவில் போட்டார். யாரும் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் கட்டைவிரலைத் தூக்கினார். அதுவும் கை தவறிப் பட்டுவிட்டது என்று பிறகு சொன்னார்.

இப்படி மனம் ஒடிந்திருந்த ஒரு நாளில்தான் அவருக்கு அந்த ஞானம் பிறந்தது. சோபாவில் உட்கார்ந்து குழுவில் இருந்தவர்களின் டிபி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்ச பாரு... பாதிப்பேரு ரோசாப்பூவ வச்சிருக்கான். மீதிப்பேரு பேரப்பிள்ளைய வச்சிருக்கான். ஒருத்தன் கார் சாவிய வச்சிருக்கான் ஏட்டி! எல்லாருக்கும் நான் ஒவ்வொரு ஜீவன் குடுக்கப் போறேன்."

நான் விளையாட்டு என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டார்.

சும்மா இல்லை, அதில் வேலை இருக்கத்தான் செய்கிறது. கைபேசியில் டிபி வட்டம் ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான். அதற்குள் ஒரு மிருகத்தை அடைக்க வேண்டும். காதை வைத்தால் வாய் போகும், வாயை வைத்தால் கொம்பு போகும். கண் மட்டும் சரியாக நடுவில் வந்து நம்மைப் பார்க்க வேண்டும். பின்னால் இருக்கும் இலையை மங்கலாக்கி, நிறத்தை ஏற்றி... ஒரு படத்துக்கு ஒரு சாயங்காலம் போய்விடும்.

விதிமுறைகளும் வைத்திருந்தார். எந்த மிருகம் என்று அவர்தான் முடிவு செய்வார். ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டார். ஆளின் குணத்தைப் பார்த்துத்தான் மிருகம்.

"அப்ப எனக்கு எதுக்கு நீர்க்காகம்?" என்று கேட்டேன்.

"குளத்துல முங்கி எழும்பி, கம்புமேல ஏறி, ரெண்டு செறகையும் விரிச்சு வெயில்ல காய வைக்கும் பாத்திருக்கியா? நீ மாடியில துணி காயப்போடுகது அச்சு அசல் அதே மாதிரிதான் இருக்கும்."

இதைப் பாராட்டு என்றே அவர் இன்றுவரை நம்புகிறார்.

விஷயம் பரவியதும் வீட்டில் போன் ஓயவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், கேட்டவர்கள் எல்லோருக்கும் புலி வேண்டும்! கேஷியருக்குப் புலி. காப்பிக்கடை வைத்திருப்பவருக்குப் புலி. மனைவியைக் கண்டால் எழுந்து நிற்கும் ஒரு மனிதர், ரகசியக் குரலில் சிறுத்தையாவது கிடைக்குமா என்றார். கொக்கு வேண்டும் என்று ஒருத்தர் கேட்கணுமே? கீரி வேண்டும் என்று? ம்ஹூம்.

"புலி காட்டுல இருக்கு. என் கேமராவுல இல்ல" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மைதான். இத்தனை வருஷத்தில் அவர் பார்த்த புலி சம்பந்தமான ஒரே பொருள், காய்ந்துபோன சாணம். அதையும் படம் எடுத்து வைத்திருக்கிறார்.

என் சித்தி மகன் அருள் கதையைச் சொல்லாமல் விடக்கூடாது. அவனுக்கு இவர் பார்த்துப் பார்த்து வயல்வரப்பில் அசையாமல் நிற்கும் ஒரு சின்னக் கொக்கைக் கொடுத்தார். பொறுமையான பையன், பொறுமையான பறவை. படத்தோடு அதன் பேரையும் குழுவில் எழுதினார்: 'நம்ம அருளுக்கு மடையான்.'

அந்தக் கொக்கின் பேரே அதுதான்! ஆனால் அருளுக்குத் தெரிய வேண்டுமே? அவன் குழுவை விட்டே வெளியேறிவிட்டான். அவன் அம்மா எனக்கு போன் போட்டு, "எம் பிள்ளைய எல்லாருக்கும் முன்னால வச்சு இப்படிச் சொல்லியாச்சு" என்று ஒரு பாட்டம் அழுதார்கள். நான் பறவைப் புத்தகத்தைத் திறந்து பக்கத்தைப் படம் பிடித்து அனுப்ப வேண்டியதாயிற்று.

இதெல்லாம் சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருந்தோம், அந்த வியாழக்கிழமை காலை வரைக்கும்.

அதைச் சொல்வதற்கு முன்னால் என் அண்ணனையும் அக்காவையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் பெயர் கிறிஸ்துதாஸ். அக்கா லீலா பாய். நான் கடைக்குட்டி. அருமனையில் எங்கள் அப்பா விட்டுப்போன இடத்தை இரண்டாகப் பிரித்து, அவர்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டார்கள். அண்ணனுக்கு ரப்பர் ஷீட் வியாபாரம். அக்கா வீட்டில், அத்தான் இறந்த பிறகு, அக்காவும் அவள் மகள் ஜெனியும் மட்டும்தான். ஜெனி மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலாமரம் நின்றது. வேர் அக்கா பக்கம், கிளை அண்ணன் பக்கம். அண்ணன் ரப்பர் ஷீட் காயப்போடுகிற கொடிமேல் இலை விழும். ஒரு சீசனில் நல்ல முழுப்பழம் ஒன்று அவருடைய புதுக்காரின் மேல் விழுந்தது. அக்கா ஊரில் இல்லாத ஒரு நாள் பார்த்து, அண்ணன் தன் பக்கத்துக் கிளைகளை எல்லாம் வெட்டிவிட்டார். வெட்டுப் பொறுக்கவில்லையோ, என்ன ஆனதோ... மரம் கொஞ்ச நாளில் பட்டுப்போய்விட்டது.

அது அத்தான் நட்ட மரம்.

அக்கா சண்டைக்கெல்லாம் போகவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். அண்ணன் கோபத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் மதில் கட்டினார். ஆள் உயரத்துக்கு மேலே. போதாதென்று மேலே கண்ணாடிச் சில்லும் பதித்தார். யார் ஏறி வரப்போகிறார்கள் என்று பயந்தாரோ?

அதன் பிறகு நாலைந்து கிறிஸ்மஸ் போய்விட்டது. ஒரே சர்ச். அவர் வலதுபக்கக் கதவு வழியாக வருவார், இவள் இடதுபக்கக் கதவு வழியாகப் போவாள். நடுவில் நான். "லீலா நல்லா இருக்காளா?" என்று அண்ணன் கேட்டதில்லை. "அங்க எல்லாரும் சொகந்தானே?" என்பார். அங்கே என்றால் எங்கே? மதிலுக்கு அந்தப் பக்கம். அருமனையில் இருக்கிற மனுஷன், பக்கத்து வீட்டுச் சுகத்தை நெய்யூருக்கு போன் போட்டு விசாரிப்பார்.

சரி... டிபி விஷயத்துக்கு வருவோம்.

அண்ணனும் முதலில் புலிதான் கேட்டார். "மாப்பிளே, வல்லதும் ஒரு வலிய ஜீவனாப் பாத்துத் தாரும்."

என் வீட்டுக்காரர் யோசித்து, தன் சேகரிப்பிலேயே மிக அழகான படத்தைக் கொடுத்தார். கீரிப்பாறையில் எடுத்த மலையணில். எங்கள் பக்கத்தில் மலையண்ணான் என்போம். வீட்டு ஓட்டில் ஓடுகிற மூன்று கோட்டு அணில் இல்லை இது. பூனையைவிடப் பெரிதாக, செம்பழுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக, மரத்தின் உச்சியில் உட்கார்ந்து உலகத்தைக் கீழே பார்க்கும். அண்ணனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "கொள்ளாம்... நல்ல கெத்தா இருக்கு" என்று அன்றே மாற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஜெனியின் முறை வந்தது. இவர் அவளுக்குக் கொடுத்தது மரநாய். அவள் நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"சித்தப்பா, கல்யாணத்துக்குப் பாத்துட்டு இருக்கிற பிள்ளைக்கு மரநாயா?"

"ஏன் மக்கா, எவ்வளவு அறிவுள்ள ஜீவன் தெரியுமா?"

"எனக்கு அறிவு வேண்டாம். அந்த மலையண்ணான் வேணும்."

இவருக்கு இந்த உலகத்தில் ஜெனியிடம் மட்டும் விதிமுறை செல்லாது. ஆனால் ஒரே படத்தை இரண்டு பேருக்குக் கொடுக்க மனசில்லை. அன்றைக்கு அதே அணிலை வேறு பக்கத்திலிருந்தும் எடுத்திருந்தார். அண்ணனுக்கு இடது முகம். ஜெனிக்கு வலது முகம். "ரெண்டும் வேற வேற படம்" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

சட்டைப் பொத்தான் அளவு வட்டத்தில் இடது என்ன, வலது என்ன?

யாரும் கவனிக்கவில்லை.

இனி அந்த வியாழக்கிழமை.

ஜெனி பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள், நெஞ்சில் ஏதோ அழுத்துவதுபோல் இருக்கவே எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். முதலில் வாயு என்று நினைத்தாளாம். நம் வீட்டுப் பெண்களுக்கு எது வந்தாலும் முதலில் வாயுதானே? சுக்குத் தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்தால் கண்ணை இருட்டியது. இடது கை கனத்தது. உடம்பெல்லாம் வேர்வை.

அக்காவுக்குக் கண்ணாடி இல்லாமல் போனில் எழுத்து தெரியாது. கண்ணாடி சமையலறையில். அதனால் ஜெனி அவளுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தாள்: குடும்பக் குழுவைத் திற, என் படத்தை அமுக்கு, உள்ளே போ, மைக்கை அமுக்கிக்கொண்டு பேசு.

குழுவைத் திறந்தாள். யாருக்கோ கல்யாண நாள். காலையிலேயே ஒரு மலையண்ணான் வாழ்த்துப் போட்டிருந்தது. அதை அமுக்கினாள். உள்ளே போனாள். பேசினாள்.

"ஜெனி மக்கா... நெஞ்சுல கல்லு தூக்கி வச்ச மாதிரி இருக்கு. நீ பேடிக்காத, பயம் ஒண்ணும் இல்ல. ஒரு ஆட்டோ பிடிச்சிட்டு வா. மெதுவா வந்தாப் போரும்."

அந்த அணில், அண்ணன்.

அண்ணன் அப்போது திண்ணையில் உட்கார்ந்து பழங்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாராம். போனில் 'லீலா' என்று பெயர் வந்ததும், அண்ணன் மனைவி, எங்கள் மைனி, அவரையே பார்த்தார்களாம். அவர் போனை எடுக்கவில்லை. கையைக் கழுவினார். துடைத்தார். பிறகு எடுத்துக் கேட்டார்.

பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார். "ஜெனிக்கு அனுப்பினது தெத்தி எனக்கு வந்திருக்குன்னு அப்பமே புரிஞ்சுது. அவளுக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டுச் சும்ம இருக்கலாம்னுதான் பாத்தேன். பெறவு இன்னொரு மட்டம் கேட்டேன். அவ குரலு நம்ம அம்மை குரலு மாதிரி ஆயிருக்கு ஏட்டி. நாம பேசாம இருந்த நாளுல எப்பமோ மாறியிருக்கு."

வாசலுக்கு ஓடினார். அக்கா வீட்டு கேட் உள்பக்கம் பூட்டு. எப்போதும் பூட்டுதான். "லீலா... ஏட்டி லீலா!" என்று கத்தினார். பதில் இல்லை.

மனிதருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. முட்டுவலி என்று சொல்லி சொந்த வீட்டு மாடிக்கே ஏறுவதில்லை. மிளகு பறிக்கிற ஏணியை இழுத்துவந்து, தான் கட்டிய மதிலில் தானே சாத்தினார். தான் பதித்த கண்ணாடிச் சில்லின்மேல் ஒரு சாக்கைப் போட்டார். ஏறினார். அந்தப் பக்கம் குதித்தார். சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு சில்லு, உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. நல்ல கண்ணாடியாகத்தான் வாங்கிப் பதித்திருக்கிறார்.

அக்கா நாற்காலியில் சரிந்து கிடந்தாள். கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"நீயா? ஜெனி எங்க?"

"நீ பேசாம இரி."

"பேசாமத்தானே இருக்கேன்... இத்தன வருசமா."

அந்த நிலைமையிலும்! எங்கள் அக்கா அப்படித்தான்.

பூட்டை உடைத்து, காரில் அவளைப் பின்சீட்டில் மைனி மடியில் படுக்க வைத்து, ஒரு கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இன்னொரு கையால் வண்டி ஓட்டி மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். போகிற வழியில் மைனிதான் எனக்கு போன் செய்தார்கள். நாங்கள் நெய்யூரிலிருந்து கிளம்பினோம். கேமராவை வீட்டிலேயே விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் வெளியே வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நாங்கள் போய்ச் சேரும்போது அக்காவை உள்ளே கொண்டு போய்விட்டார்கள். வராந்தாவில் அண்ணன் நின்றிருந்தார். கைலி, பனியன், கையில் ரத்தம் ஊறிய துண்டு. காலில் செருப்பு இல்லை. ஒரு நர்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"நீங்க பேஷண்டுக்கு யாரு?"

அண்ணன் வாயைத் திறந்தார். மூடினார். அந்தச் சின்னக் கேள்விக்கு அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

"அண்ணன்" என்றார்.

"கூடப் பொறந்தவரா?"

"ஆமா. கூடப் பொறந்தவன்."

"அப்ப முதல்ல இங்க உக்காருங்க. உங்க கைக்குத் தையல் போடணும்."

இரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, "பயமில்லை. நேரத்துக்குக் கொண்டு வந்துட்டீங்க" என்றார். அப்போதுதான் அண்ணன் உட்கார்ந்தார். தையல் போட்டு முடித்ததிலிருந்து அதுவரைக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

ஜெனி அன்று மதிய இடைவேளையில்தான் வந்திருந்தாள். வகுப்பு நேரத்தில் டீச்சர்கள் போனை அலமாரியில் பூட்டி வைத்துவிட வேண்டும் என்பது அந்தப் பள்ளிக்கூடத்தின் சட்டம். எங்கள் மிஸ்டு கால்களை எல்லாம் மணி அடித்த பிறகுதான் பார்த்திருக்கிறாள். ஓடிவந்தவள் அழுது முடித்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா எனக்கு ஏன் சொல்லல? மாமாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அண்ணன் தன் போனை நீட்டினார். அவள் அந்தக் குரலைக் கேட்டாள். 'ஜெனி மக்கா' என்று தொடங்கியதும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. அக்காவின் போனை எடுத்துக் குழுவைத் திறந்தாள். ஒரு மலையண்ணான். தன் போனைப் பார்த்தாள். இன்னொரு மலையண்ணான்.

எல்லோரும் மெதுவாக என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினோம்.

"ரெண்டும் வேற வேற படம்" என்றார் அவர், ரொம்ப ஈனஸ்வரத்தில். "இது இடது முகம். அது வலது. மீசையைப் பாத்தா..."

மைனி முறைத்த முறைப்பில் மீசை அங்கேயே நின்றுவிட்டது.

எனக்கு மட்டும் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா நினைத்த ஆளுக்கே அது சரியாகப் போயிருந்தால்? அலமாரிக்குள் பூட்டிக்கிடந்த போனில் போய் விழுந்திருக்கும். மணி அடிக்கும் வரைக்கும் அக்கா அந்த நாற்காலியில்... வேண்டாம். நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஜெனியும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது அவள் தன் மாமாவின் தையல் போட்ட கையை விடாமல் பிடித்திருந்ததிலேயே தெரிந்தது.

மறுநாள் எங்களை ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். அண்ணன் போனபோது நான் கதவருகில் நின்றிருந்தேன். பெரிய காட்சி ஒன்று நடக்கும், கண்ணைத் துடைக்க வேண்டியிருக்கும் என்று கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன்.

"ஜெனிக்கு அனுப்பினத நீ எதுக்குக் கேட்ட?" என்றாள் அக்கா.

"எனக்கு வந்தத நான் கேக்காம பின்ன யாரு கேப்பா?"

"எம் பூட்ட ஒடச்சியாமே?"

"பின்ன உன்னைய மதிலுக்கு மேலக்கூடியா தூக்கிட்டு வர முடியும்?"

"மதில கட்டச் சொன்னது யாரு?"

"மரம் பட்டுப்போவும்னு நான் கண்டேனா லீலா? கொப்பத்தான் வெட்டினேன். மரம் போவும்னு சத்தியமா நெனைக்கல."

அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த மெஷின் திடீரென்று வேகமாகச் சத்தம் போட்டது. நர்ஸ் ஓடிவந்து அண்ணனை வெளியே தள்ளினாள். "பேஷண்டுகிட்ட சண்டை போடுறீங்களா? அண்ணன்னு சொன்னீங்க?"

"அண்ணன் ஆனதுனாலதான் சிஸ்டர் சண்டை..." என்றார் அண்ணன்.

நான் கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்தேன்.

அக்கா இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். நன்றாக இருக்கிறாள். மாத்திரை சாப்பிடுகிறாள், உப்பைக் குறைத்திருக்கிறாள், சாயங்காலம் முற்றத்தில் நடக்கிறாள். அண்ணன் தினமும் ஒருமுறை வந்து எட்டிப்பார்க்கிறார். வந்தால் சண்டைதான். மீன்குழம்பு காரம் என்று ஒரு சண்டை. அவள் வேகமாக நடக்கிறாள் என்று ஒரு சண்டை. நான் போன் செய்து, "அம்மா எப்படி இருக்கா?" என்று கேட்டால் ஜெனி சொல்வாள்: "மாமாகிட்ட கத்திக்கிட்டு இருக்கா சித்தி." எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது தெரியுமா?

குழுவில் என் வீட்டுக்காரர் பகிரங்க மன்னிப்புக் கேட்டார். 'பாதுகாப்புக் காரணங்களுக்காக அனைவரும் தத்தம் சொந்த முகத்துக்குத் திரும்பவும்' என்று ஒரு அறிவிப்பும் போட்டார்.

திரும்பினார்கள். அங்கேதான் அடுத்த வேடிக்கை.

பெரியப்பா கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு படம் போட்டார். தலை நிறைய முடி. சித்தி மேக்கப் ஆப்பில் போட்டு எடுத்ததில், அவர்கள் மகள் வயசுக்கு இறங்கிவிட்டார்கள். துபாய்க்காரன் கறுப்புக் கண்ணாடி போட்டு யாருடைய காரிலோ சாய்ந்து நிற்கிறான். நான்? நானும் கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டித்தான் போட்டேன்... மறைப்பானேன்? ஒருத்தர் முகமும் ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை. "இது யாரு?" "இது யாரு?" என்று நாலு நாள் குழு முழுக்கக் கேள்வி. கருமந்தி இருந்த காலத்தில் பெரியப்பாவை யாருக்கும் தெரியாமல் போனதே இல்லை.

மிருகங்கள் பொய் சொல்லாது என்று என் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வார். போஸ் கொடுக்கத் தெரியாதாம் அவற்றுக்கு. நான் அதைத் தத்துவம் என்று நினைத்தேன். வெறும் தகவல்தான் போல.

ஒரே ஒரு விஷயம் எனக்குப் புரியாமல் இருந்தது. இத்தனை வருஷம் முகம் பார்க்காமல் இருந்தவர்கள்... அக்கா அனுப்பியது அண்ணனுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? யாராவது ஒருத்தர் மற்றவரின் நம்பரை பிளாக் செய்திருப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனபோது கேட்டே விட்டேன்.

"ஏன்க்கா, உனக்கு போன்ல பிளாக் பண்ணத் தெரியாதா?"

"ஏன் தெரியாது? உன் வீட்டுக்காரரப் பண்ணி வச்சிருக்கேனே! தெனமும் எனக்குத் தனியா நாப்பது கொக்கு அனுப்பினா யாருக்கு மக்கா பாக்க முடியும்?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்ப அண்ணனை?"

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மாத்திரை டப்பாவை மூடினாள்.

"அவன என்னத்துக்கு?" என்றாள்.



என் வீட்டுக்காரருக்கு இந்த பிளாக் சமாச்சாரம் இன்னும் தெரியாது. கொக்கு இல்லாத பக்கத்தை அவர் படிப்பதில்லை என்கிற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன் — நீங்களும் சொல்லிவிடாதீர்கள்!